கார் கம்பெனி கவிழ்ந்தால் குற்றவாளி யார்?

(தோட்டக் கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

வெட்டு முடிந்து, பால் நிறுத்து, குளித்தும் குளிக்காமலும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வாலிபர்களே!

ஆண்டுக் கூட்டம் என்றால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள், போனஸைப் பற்றிப் பேசுவார்கள், லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுவார்கள். இந்தக் கிராணிமார் என்ன, கார் கம்பெனியைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கூரை விஷயம் அடுத்துப் பேசப்போகிற செயலாளரிடம் இருக்கிறது, அவர் விடமாட்டார். எங்களுக்குக் கொடுத்திருக்கும் நேரத்தில் இதைத்தான் பேசவேண்டும் என்று குழு கூடித் தீர்மானித்து வந்திருக்கிறோம். காரணத்தை முடிவில் சொல்கிறோம்.

சென்ற மாதம் ரோட்டோரத் தேநீர்க் கடையில் நம் வாலிபர்கள் இருவர் கைகலக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். விஷயம் புரோட்டோன் கார். ஒருவர் சொன்னார்: “ஒரு ஸ்க்ரூ ஒழுங்காக முடுக்கத் தெரியாத ஜனங்களை வைத்துக்கொண்டு கார் செய்தால் கம்பெனி எப்படி உருப்படும்? ஏறின கண்ணாடி இறங்காது, இறங்கின கண்ணாடி ஏறாது.” மற்றவருடைய தமையனார் அந்த ஆலைக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் பல வருஷம் உழைத்தவர். தம்பிக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. கடைக்காரர் நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் தே தாரிக் ஊற்றிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அந்த வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு ஒன்று தோன்றிற்று. புரோட்டோன் 1983இல் பொதுப் பணத்தைக் கொண்டு தொடங்கப்பட்ட கம்பெனி. 1985இல் முதல் சாகா கார் வெளிவந்தது. 2004இல் அந்தக் கம்பெனி எம்.வி. அகஸ்தா என்ற இத்தாலிய மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பெரும்பங்கை 70 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கிற்று. மறு வருஷமே அதை 1 யூரோவுக்கு விற்றது. ஆமாம் தோழர்களே, ஒரே ஒரு யூரோ! 2016இல் நம் அரசாங்கம் 1.5 பில்லியன் வெள்ளி கடன் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க நேர்ந்தது. 2017இல் 49.9 விழுக்காட்டுப் பங்கு சீனாவின் ஜீலி கம்பெனிக்குப் போயிற்று. இவையெல்லாம் பத்திரிகையில் வந்த செய்திகள். மோட்டார் சைக்கிள் கம்பெனியை வாங்கச் சொல்லி எந்த ஸ்க்ரூ முடுக்குகிறவர் கையெழுத்துப் போட்டார்? (சிரிப்பு)

ஆனால் நியாயமாகப் பேசவேண்டும். புரோட்டோன் கவிழ்ந்துவிடவில்லை. தள்ளாடிற்று, கைத்தாங்கலாக நின்றது, இன்றும் கார் விற்கிறது. ஆகவே அதை வைத்து நம் கேள்விக்கு முழு விடை காண முடியாது. முழுவதும் கவிழ்ந்து, கதவடைத்து, விசாரணை நடந்து, கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லி முடித்த ஒரு கம்பெனியைப் பார்த்தால்தான் யார் யார் கை எங்கெங்கே இருந்தது என்று தெரியும். அப்படி ஒன்று வட அயர்லாந்தில் நடந்தது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

வட அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் உள்ள நாடு. தலைநகர் பெல்பாஸ்ட். அங்கே கத்தோலிக்கருக்கும் புரோட்டஸ்டண்டுகளுக்கும் நெடுங்காலப் பகை. 1969 முதல் வெடிகுண்டும் துப்பாக்கியுமாக ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் வேலை இல்லை. அதிலும் பெல்பாஸ்டின் மேற்குப் பகுதியில் வேலையில்லாத் திண்டாட்டம் மிகக் கடுமை. தகப்பனும் வேலையற்றவன், மகனும் வேலையற்றவன் என்ற குடும்பங்கள் தெருத் தெருவாக இருந்தன.

அந்நாளில் வட அயர்லாந்துக்குப் பொறுப்பான மந்திரி ராய் மேசன். இவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பதினான்கு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்து, தொழிற்கட்சியின் சார்பில் பார்லிமெண்டுக்குப் போனவர். நம்மவர்! வேலை கொடுத்தால் வாலிபன் வெடிகுண்டைக் கீழே வைப்பான் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. வேலையில்லாத வீட்டை அறிந்தவர் அப்படித்தான் நினைப்பார்.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் ஜான் டிலோரியன். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் துணைத் தலைவர் பதவி வரை உயர்ந்து, 1973இல் அதை விட்டு வெளியேறியவர். ஆறடிக்கு மேல் உயரம், சினிமா நட்சத்திரம் போன்ற தோற்றம், பேச்சிலே வல்லவர். அவர் கையில் ஒரு காரின் திட்டம். உடம்பு முழுவதும் எவர்சில்வர் தகடு, சாயமே பூசவேண்டியதில்லை. கதவுகள் பக்கவாட்டில் திறக்கா. பறவை இறக்கையை விரிப்பது போல மேல் நோக்கித் திறக்கும். அமெரிக்காவில் 12,000 டாலருக்கு விற்கப்போவதாகச் சொல்லி, அந்த எண்ணைக் காரின் பெயரிலேயே சேர்த்திருந்தார்கள். திட்டம் இருந்தது, ஆனால் ஆலைக்குப் பணம் இல்லை. போர்ட்டோரிக்கோவோடு பேரம் நடந்தது. பக்கத்திலுள்ள அயர்லாந்துக் குடியரசின் தொழில் வளர்ச்சி நிறுவனத்தாரும் திட்டத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்று கைவிட்டார்கள். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தீவு, வடக்கே உள்ளவர் வாங்கிய சரக்கைத் தெற்கே உள்ளவர் முகர்ந்து பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

1978 நடுவில் பெல்பாஸ்டில் பேச்சு தொடங்கிற்று. ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது! நாம் ஒரு தண்ணீர்க் குழாய்க்கு மனுக் கொடுத்தால் எத்தனை மாதம் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். (சிரிப்பு) ஆலோசனைக் கம்பெனி ஒன்றைச் சர்க்கார் தரப்பில் கேட்டபோது, இது சாதாரணமல்லாத ஆபத்து நிறைந்த முயற்சி என்றே அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எழுதியது கோப்பில் இருந்தது. பணம் மட்டும் கோப்பில் இருக்கவில்லை, புறப்பட்டுவிட்டது. தொடக்கத்திலேயே 50 மில்லியன் பவுனுக்கு மேல் தருவதாக ஒப்பினார்கள். பங்காகவும் மானியமாகவும் கடனாகவும். பின்னர் 1979இல் தொழிற்கட்சி தோற்று, திருமதி தாட்சரின் கன்சர்வேடிவ் ஆட்சி வந்தது. சர்க்கார் பணத்தைத் தனியார் கம்பெனிக்குக் கொடுப்பதே பாவம் என்று மேடையில் பேசியவர்கள் அவர்கள். அவர்களும் 1980இல் மேலும் கடன் கொடுத்தார்கள். கடைசியில் கணக்குப் பார்த்தபோது பொதுப் பணம் சுமார் 77 மில்லியன் பவுன் போயிருந்தது.

பெல்பாஸ்டை அடுத்த டன்மரியில் மாடு மேய்ந்துகொண்டிருந்த வெளியில் ஆலை எழுந்தது. ஒரு பக்கம் கத்தோலிக்கர் குடியிருப்பு, மறு பக்கம் புரோட்டஸ்டண்டுகள் குடியிருப்பு. ஆலைக்கு இரண்டு வாசல்கள். அவரவர் பகுதிக்கு அருகிலுள்ள வாசல் வழியாக அவரவர் வந்தார்கள். ஆனால் உள்ளே வந்ததும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தார்கள். வெளியே ஒருவரையொருவர் கொல்லும் ஊரில் இது சின்ன விஷயமா? 1981 மே மாதத்தில் சிறையில் உண்ணாவிரதம் இருந்த பாபி சாண்ட்ஸ் இறந்தபோது ஊர் பற்றி எரிந்தது. ஆலையின் சில கட்டடங்களும் தீக்குண்டுக்கு இரையாயின. வேலை நெடுநாள் நிற்கவில்லை. சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு மறுபடியும் வரிசையில் நின்றார்கள். பெல்பாஸ்டைப் பற்றிப் படித்ததில் எங்கள் மனத்தில் நின்றது, காரைக் காட்டிலும், இந்த இரண்டு வாசல் கதைதான்.

1981 தொடக்கத்தில் கார்கள் வெளிவரத் தொடங்கின. ஆலையில் உச்சக் கட்டத்தில் ஏறக்குறைய 2,500 பேர். அவர்களிலே பெரும்பாலோர் அதற்கு முன் கார் செய்தறியாதவர்கள். சிலர் அதற்கு முன் எந்த வேலையுமே பாராதவர்கள். முதலில் வந்த கார்களில் குறை இருந்தது உண்மை. கதவு சரியாகப் பொருந்தவில்லை, மழைத் தண்ணீர் உள்ளே வந்தது, கதவு திறக்காமல் உள்ளே மாட்டிக்கொண்டவர் கதையைப் பத்திரிகைக்காரர்கள் சிரிக்கச் சிரிக்க எழுதினார்கள். அமெரிக்காவில் தனியாக இடம் அமைத்து, விற்குமுன் கார்களைச் செப்பனிட வேண்டியதாயிற்று. ஆனால் புதுக் கையிலே கத்தியைக் கொடுத்தால் முதல் மாதம் மரத்தில் காயம் படத்தான் செய்யும். அதைத் தெரிந்துதான் பயிற்சி மரம் என்று தனியே வைக்கிறோம். டிலோரியன் ஆலையில் பயிற்சிக்கு அவகாசம் கொடுக்காமல் அவசரப்படுத்தியது தொழிலாளியா? மாதங்கள் செல்லச் செல்ல அதே கைகள் செய்த கார்கள் முன்னையவற்றை விட நன்றாக வந்தன.

கார் விற்காமற் போனதற்குக் காரணம் கதவு அன்று. 12,000 டாலர் என்று பெயரிட்டுக் கிளம்பிய கார், கடைக்கு வந்தபோது 25,000 டாலர்! பவுனின் மதிப்பு ஏறியிருந்தது. பவுனில் செலவு செய்து டாலரில் விற்கிறவனுக்கு அது கழுத்தில் கயிறு. அமெரிக்காவிலே தொழில் மந்தம், வட்டி உயர்வு. அந்த விலைக்குக் கார் வாங்குகிறவர்கள் ஆரம்பத்தில் ஆசையோடு வந்து வாங்கிவிட்டார்கள். அதன்பின் ஆள் இல்லை. இதை முன்கூட்டிச் சொல்ல எண்ணும் தராசும் தெரிந்தவர் போதும். அப்படி விற்பனை குறையத் தொடங்கிய 1981 பிற்பகுதியில் மேலிடம் என்ன செய்தது தெரியுமா? உற்பத்தியை ஏறக்குறைய இரு மடங்காக்கிற்று. புதிதாக ஆட்களை எடுத்தார்கள். கம்பெனியின் பங்குகளைச் சந்தையில் விற்றுப் பணம் திரட்டும் திட்டம் ஒன்று அப்போது மேலே நடந்துகொண்டிருந்தது. ஆலை மும்முரமாக ஓடுவதாகத் தோன்றவேண்டும். கார்கள் விற்காமல் குவிந்தன. புதிதாக வேலைக்கு வந்தவன் வீட்டில் அடுப்பு எரிந்தது சில மாதங்கள்தான். 1982 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிப்ரவரியில் கம்பெனி ரிசீவர் கைக்குப் போயிற்று. தொழிலாளர்கள் ஆலைக்குள்ளே உட்கார்ந்து மறியல் செய்தார்கள். வருஷ முடிவுக்குள் ஆலை மூடப்பட்டது. மொத்தம் செய்த கார்கள் சுமார் 9,000. ஆண்டுக்கு 30,000 செய்வதாக அல்லவா திட்டம்!

மூடும் செய்தி வந்த அதே நாட்களில், 1982 அக்டோபர் 19ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் டிலோரியன் போதைப்பொருள் வழக்கில் கைதானார். கம்பெனியைக் காப்பாற்றப் பணம் தேடி அதில் இறங்கினார் என்பது வழக்கு. போலீஸ்காரர்களே வலை விரித்து அவரைச் சிக்கவைத்தார்கள் என்று வாதாடி, 1984இல் குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றார். உலகமெல்லாம் இந்தச் செய்தியைத்தான் பேசிற்று. அதற்கு அடுத்த வருஷம் அந்தக் காரை வைத்து ஹாலிவுட்டில் படமும் எடுத்துவிட்டார்கள். தொழிலாளி பேச்சு அடிபட்டுப் போயிற்று.

இப்போது கேள்விக்கு வருவோம். குற்றவாளி யார்?

ஒரு மனிதர் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர் மேல் குற்றம் இல்லாமலில்லை. பெல்பாஸ்டில் தொழிலாளி வார்ச் சம்பளத்துக்கு நின்றபோது, நியூயார்க்கில் பார்க் அவென்யூவில் 43ஆவது மாடியில் கம்பெனிக்கு ஆபீஸ். அதைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று உண்டு. காரை வடிவமைக்கும் வேலை இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனிக்குப் போயிற்று. ஆனால் ஒப்பந்தமும் பணமும் நேரே போகவில்லை. பனாமாவில் பதிந்த ஜி.பி.டி. சர்வீசஸ் என்ற கம்பெனிக்கு ஏறக்குறைய 17.6 மில்லியன் டாலர் போயிற்று. லோட்டஸ் செய்த வேலைக்கு வேறாகவும் பணம் கட்டப்பட்டது. ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம்! லோட்டஸ் தலைவர் கோலின் சாப்மன் 1982 டிசம்பரில் இறந்துபோனார். அவருக்குக் கீழே கணக்குப் பொறுப்பில் இருந்த பிரெட் புஷெல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1992இல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். சாப்மன் உயிரோடிருந்தால் பத்து வருஷமாவது கொடுத்திருப்பேன் என்னும் பொருளில் நீதிபதி பேசினார். டிலோரியன் அமெரிக்காவிலேயே இருந்துகொண்டார், அங்கே நடந்த மோசடி வழக்கில் 1986இல் விடுதலையானார், பெல்பாஸ்டு கோர்ட்டில் வந்து நிற்கவேயில்லை, 2005இல் இறந்தார். கடைசியில் ஜெயிலுக்குப் போனவர் யாரென்று பார்த்தீர்களா? கணக்கு எழுதியவர். கிராணிமார் கவனிக்க!

ஆனால் தோழர்களே, திருடன் திருடுவான் என்பது தெரிந்துதானே வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறோம். சாவியை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அந்தக் கம்பெனியின் டைரக்டர் சபையில் சர்க்கார் சார்பில் அமர்ந்தவர்கள் இருந்தார்கள். பனாமாக் கம்பெனி எதற்கு என்று கேட்டு, பதில் வரும்வரை எழுந்திருக்கமாட்டோம் என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. பழைய நாளில் லண்டன் கம்பெனிகளின் தோட்டங்களுக்கு விசிட்டிங் ஏஜெண்டு வருகிறார் என்றால், ஸ்டோரில் கத்தி தீட்டும் கல் எத்தனை என்பது வரைக்கும் எண்ணி எழுதிவைக்கவேண்டும் என்று நம் ஓய்வுபெற்ற பெரிய கிராணி சொல்வதுண்டு. மலாயாவில் கல்லை எண்ணிய அதே தேசம், தன் வாசலிலே மில்லியன் கணக்கில் போனதை எண்ணவில்லை!

அடுத்து ஆடிட்டர்கள். ஆர்தர் ஆண்டர்சன் என்ற உலகப் பெயர் பெற்ற கம்பெனி. வருஷா வருஷம் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். கவனக்குறைவு என்று பிரிட்டிஷ் சர்க்கார் அவர்கள் மேல் வழக்குப் போட்டது; பல வருஷம் இழுத்து, 1997இல் பணம் கட்டிச் சமரசம் செய்துகொண்டார்கள். (அதே ஆடிட்டர் கம்பெனிதான் பிற்பாடு என்ரான் விவகாரத்தில் சிக்கி 2002இல் அழிந்தது.) பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் குழுவும் 1984இல் விசாரித்து, பொதுப் பணம் வீணானதில் பல ஆண்டுகளாகத் தாங்கள் கண்ட மிக மோசமான விஷயங்களில் இது ஒன்று என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கை வந்தபோது ஆலையில் இரண்டு வருஷத்துப் புல் முளைத்திருந்தது.

ராய் மேசனை விட்டுவிடலாமா? நம்மவர் என்பதற்காக விடக்கூடாது. அவர் ஜனங்களுக்கு வேலை வேண்டுமென்று நினைத்தது நியாயம். அந்த நியாயத்தின் அவசரத்திலே, ஆபத்து என்று எழுதிக் கொடுத்த காகிதத்தை ஒதுக்கிவைத்தது தவறு. ஏழைக்காகச் செய்கிறேன் என்கிறவர் மற்றவரை விட இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். ஏனென்றால் கவிழ்ந்தால் விழுவது ஏழையின் தலையில். பின்னால் வந்த கன்சர்வேடிவ் மந்திரிகளோ, பணம் கொடுத்தவரை கேள்வி கேளாமல் கொடுத்து, பிறகு ஒரே நாளில் கையை உதறினார்கள். இரண்டு கட்சிக்கும் பங்கு உண்டு.

எங்களை உறங்கவிடாமற் செய்த விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. நியூயார்க் ஆபீசில் டிலோரியனிடம் செயலாளர் வேலை பார்த்த ஓர் அம்மாள், கணக்கில் ஏதோ கோளாறு என்று கண்டு, 1981 இலையுதிர் காலத்தில் காகிதங்களை எடுத்துக்கொண்டு பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அங்கத்தினர் ஒருவரிடம் கொடுத்தார். கம்பெனி விழுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னே! போலீஸ் விசாரித்தது. சில நாட்களிலேயே, குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். டிலோரியன் அந்த அம்மாளைத் திட்டித் தீர்த்தார். ஆபீசில் டைப் அடிக்கிற, கோப்பு அடுக்குகிற ஒருத்திக்குத் தெரிந்தது. மந்திரிக்கும் ஆடிட்டருக்கும் டைரக்டருக்கும் தெரியவில்லையாம். காகிதம் முதலில் வருவது கிராணி மேஜைக்குத்தான். கிராணிக்குத் தெரியாமல் ஒரு தோட்டத்தில் எதுவும் நடப்பதில்லை. தெரிந்து அந்த அம்மாள் எழுந்து நின்றார்.

நாங்கள் எழுந்து நிற்கவில்லை.

இப்போது காரணத்தைச் சொல்கிறோம். நம் தோட்டத்துக் கூட்டுறவுக் கடை உங்களுக்கு நினைவிருக்கும். அதுவும் சர்க்கார் கடன் உதவியோடு தொடங்கியதுதான். சின்ன அளவில் நம்முடைய கார் கம்பெனி. மூன்று வருஷம் நடந்து, ஆறு வருஷத்துக்கு முன் மூடினோம். ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி குறைந்தது. கடையில் நின்ற பையன் தின்றுவிட்டான் என்று தோட்டம் முழுவதும் பேச்சு. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. பெரட்டுக்கு வரும் வழியில் அவன் காது கேட்கவே பேசினார்கள். ஒரு மாதம் தாங்கினான். பிறகு ஜொகூர் பாருவுக்குப் போய்விட்டான். தீபாவளிக்கும் வருவதில்லை.

சென்ற ஆண்டு கிளை அலுவலகத்து அலமாரியை ஒழித்தபோது அந்தக் கடையின் பற்று வரவுப் புத்தகங்கள் அகப்பட்டன. செயற்குழுவில் கணக்குப் பார்க்கத் தெரிந்த நாங்கள் இரண்டு பேர் நாலு இரவு உட்கார்ந்து வரி வரியாகக் கூட்டிப் பார்த்தோம். பையன் கையில் ஒரு காசு ஒட்டியதாகத் தெரியவில்லை. அவன் எழுத்து கோழிக் கிறுக்கலாக இருந்தாலும் கூட்டல் சரியாக இருக்கிறது. பணம் போன வழி வேறு. மூடிய வருஷத்துத் தீபாவளிக்குக் கமிட்டியின் உத்தரவில் அளவுக்கு மேல் அரிசியும் மாவும் எண்ணெயும் வாங்கிக் குவித்தோம். பாதி வண்டு பிடித்துப் போயிற்று. மீதி, கடன். கடன் வாங்கினவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாகம் கமிட்டிக்காரர்களும் அவர்கள் உறவினரும். “அண்ணன் சொன்னார், கொடு” என்று வந்தவர்களுக்குப் பையன் மறுக்கமுடியாமல் கொடுத்து, ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறான். வசூல் செய்வது அவன் பொறுப்பல்ல, கமிட்டியின் பொறுப்பு.

மாதா மாதம் சரக்கு எண்ணிக் கையெழுத்துப் போடவேண்டியவர்கள் இருவர். சம்பள நாளில் வேலை நெருக்கடி என்று சொல்லி, கடைக்குப் போகாமலே, ஆபீஸ் மேஜையிலேயே புத்தகத்தை வரவழைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். முப்பத்தாறு மாதத்தில் கடைக்குள் போய் எண்ணியது நான்கு முறை. அந்தக் கையெழுத்து எங்களுடையது. பையனைத் திருடன் என்று ஊர் சொன்னபோது இந்தக் கையெழுத்துக்காரர்கள் வாய் திறக்கவில்லை. அவன் திருடினான் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது.

டீக்கடையில் “ஸ்க்ரூ முடுக்கத் தெரியாத ஜனங்கள்” என்ற பேச்சைக் கேட்டபோது எங்களுக்குக் கோபம் வந்தது என்றோமே, அந்தக் கோபத்தோடு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் இந்தப் புத்தகம் மேஜை மேல் இருந்தது. பெல்பாஸ்டுத் தொழிலாளிக்குப் பரிந்து பேச வாய் இருக்கிறது. இரண்டாவது டிவிஷன் பையனுக்குப் பரிந்து பேச ஆறு வருஷமாக வாய் இல்லை.

ஆகவே செயற்குழு ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறது. கூட்டுறவுக் கடையில் குறைந்த பணத்துக்கு அந்தப் பையன் பொறுப்பல்ல என்று கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதவேண்டும். நிலுவைக் கடன் பட்டியலை, பெயரோடும் தேதியோடும், இந்த மண்டபச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். வெளியே போகும்போது பார்க்கலாம். எங்கள் இருவர் பெயரும் அதில் உண்டு. எங்கள் பங்கை இன்று காலை பொருளாளரிடம் கட்டிவிட்டோம். ரசீது எண்ணும் பக்கத்தில் எழுதியிருக்கிறது. பட்டியலில் தவறு இருந்தால் புத்தகத்தைத் திறந்து காட்டத் தயார். குறிப்பின் நகல் ஒன்று தபாலில் ஜொகூர் பாருவுக்குப் போகும். அவன் திரும்பி வரவேண்டும் என்று கேட்க எங்களுக்கு முகமில்லை. காகிதமாவது அவன் கையில் இருக்கட்டும்.

தலைவர் அவர்களின் அனுமதியோடு தீர்மானத்தை இப்போது வாசிக்கிறோம். ஆட்சேபம் உள்ளவர்கள் வாசித்து முடித்ததும் எழுந்து சொல்லலாம். அந்தப் பையனின் தாயார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா, கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். அங்கே விசிறிச் சத்தத்தில் காது கேட்காது.